எல்லார்க்கும் அறிவியல்: சென்னையில் ஒரு கல்விச் சிந்தனையின் வரலாறு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் பங்குகளில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி எழுகின்றது: "எந்தக் குரூப் எடுப்பது?" கணிதமும் இயற்பியலுமா, வணிகவியலும் கணக்குப்பதிவியலுமா, வரலாறும் பொருளியலுமா என்று பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று சில நாள்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். வணிகவியலையோ வரலாற்றையோ தேர்ந்துகொண்ட பிள்ளைக்கு அன்றோடு அறிவியலின் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிடுகின்றது. அதே பிள்ளைதான் வளர்ந்தபின் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதா என்று முடிவு செய்யப் போகின்றது. ஆற்றங்கரையில் மனை வாங்குவதா என்று எண்ணிப் பார்க்கப் போகின்றது. அணு மின் நிலையம் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் நடுவே நின்று வாக்களிக்கப் போகின்றது.

அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாதவர்க்கும் அறிவியலும் தொழில்நுட்பமும் கணிதமும் வேண்டுமா? வேண்டுமெனில் பல்கலைக்கழகம் அவற்றை எந்த வடிவில் வழங்க வேண்டும்? இவ்வினாக்கள் புதியன அல்ல. நம் சென்னை நகரில் இவற்றுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மயிலாப்பூரின் ஒரு சாலை, தியாகராய நகரின் ஒரு கட்டடம், அடையாற்றின் ஒரு வளாகம் ஆகியவை அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. அதனைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது என எண்ணுகின்றோம்.

ஏழு கலைகளும் எஃப்.ஏ. தேர்வும்

எல்லாரும் கற்க வேண்டிய கல்வி என்னும் எண்ணம் பல்கலைக்கழகங்களோடு உடன்பிறந்தது. ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இறையியலோ சட்டமோ மருத்துவமோ பயில விழைந்தவர் முதலில் ஏழு கலைகளைக் கற்றாக வேண்டும். இலக்கணம், அளவையியல், சொற்கலை ஆகிய மூன்றும் மொழியைச் சார்ந்தவை. எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் ஆகிய நான்கும் எண்ணைச் சார்ந்தவை. ஆக, ஏழில் நான்கு இன்று நாம் அறிவியல் என்று ஒதுக்கி வைக்கும் பகுதியைச் சேர்ந்தவை என்பதைக் கருத வேண்டும். நம் மண்ணிலும் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றினர் முன்னோர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நீதிநூல்களோடு எண்சுவடியையும் மனனம் செய்தனர். எண் ஒரு சாராருக்கும் எழுத்து மறு சாராருக்கும் உரியவை என்று எவரும் பிரித்து வைக்கவில்லை.

1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாக 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த அது, தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனமாக இல்லாமல் தேர்வு நடத்தும் நிறுவனமாகவே விளங்கிற்று. மெட்ரிக்குலேஷனுக்குப் பின் ஈராண்டு பயின்று எழுதும் எஃப்.ஏ. தேர்வு இருந்தது. ஆங்கிலமும் கணிதமும் உடலியலும் கிரேக்க, உரோமை வரலாறும் ஒருங்கே படித்தாக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இதனினும் விரிந்த பொதுக்கல்வி இல்லை.

ஆனால் அந்தத் தேர்வில் தோற்றவர் யார் என்பதை நாடறியும். கும்பகோணத்து அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் உதவித்தொகையை இழந்த சீனிவாச இராமானுஜன், 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். கணிதத்தில் அவருக்கு நிகர் எவருமில்லை. உடலியல் அவரைக் கைவிட்டது. எஃப்.ஏ. தேர்வில் தோற்றார், அடுத்த ஆண்டும் தோற்றார். பட்டமில்லாத அந்த இளைஞருக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது அதே சென்னைப் பல்கலைக்கழகம் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1918இல் அவர் லண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இராமானுஜனைத் தோற்கடித்தது பொதுக்கல்வியா? அவ்வாறு சொல்வாரும் உளர். விருப்பமில்லாத பாடத்தைத் திணித்தல் மேதையைக் கொல்லும் என்பது அவர்தம் வாதம். நாம் சற்று வேறுவிதமாகக் காண்கின்றோம். பல பாடங்களைக் கற்கச் சொன்னதில் பிழையில்லை. எல்லாவற்றிலும் தேறினாலன்றி எதிலுமே தேறவில்லை என்று பொருள்படுமாறு விதி வகுத்ததிலேதான் பிழை. சாளரமாக அமைய வேண்டிய பொதுப்பாடம் சுங்கச்சாவடியாக அமைந்துவிட்டது. உடலியலை இராமானுஜன் ஏன் கற்க வேண்டும் என்று அவருக்கு விளக்கிச் சொல்லும் கடமையும் எவருக்கும் இருக்கவில்லை. இந்த இரு குறைகளும் பின்வந்த காலத்திலும் நம்மைத் தொடர்ந்தன என்பதை மேலே காண்போம்.

தனித்துறையின் மாண்பு

எல்லாம் கலந்த எஃப்.ஏ. கல்விக்கு எதிர்த்திசையில் வளர்ந்தவை ஆனர்ஸ் வகுப்புகள். ஒரே துறையில் ஆழ்ந்து கற்கும் அந்த முறை சென்னைக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ. தேறிய சந்திரசேகர வெங்கட ராமனும், அதே கல்லூரியில் 1930இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்த அவர்தம் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரும் பின்னர் நோபல் பரிசு பெற்றனர்.

இதே மரபில் நம் நினைவில் நிற்க வேண்டிய அருள்பணியாளர் ஒருவர் உண்டு. இயேசு சபையைச் சார்ந்த பிரெஞ்சுக்காரரான தந்தை சார்லஸ் ரசீன், பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெருங்கணித அறிஞரிடம் ஆய்வு செய்தவர். 1937இல் இந்தியா வந்து, திருச்சியில் சிறிது காலம் பணியாற்றிய பின், 1939இல் நுங்கம்பாக்கம் இலயோலா கல்லூரிக்கு வந்தார். தேர்வுக்கான பாடநூலைத் தாண்டி, அன்று ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருந்த புதுக் கணிதத்தை மாணவர்க்கு அறிமுகம் செய்தார். சி. எஸ். சேஷாத்திரி, எம். எஸ். நரசிம்மன், சி. பி. இராமானுஜம் என உலகம் அறிந்த கணித அறிஞர் பலர் அவரிடம் பயின்றவர்கள். 1976இல் அவர் மறைந்தபோது அவர் விட்டுச் சென்ற மாணவர் பரம்பரை இந்தியக் கணிதத்தின் முதுகெலும்பாக விளங்கிற்று.

எனவே தனித்துறைக் கல்வியை நாம் குறைத்துப் பேச இயலாது. கேள்வி வேறு. ரசீனின் வகுப்பறைக்குப் பக்கத்து வகுப்பறையில் வரலாறும் பொருளியலும் பயின்ற மாணவருக்குக் கணிதம் என்ன தந்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒரே வளாகத்துக்குள் இரு நாடுகள் உருவாயின, இடையே பாலமில்லை.

ஒரே சாலையில் இரு வீடுகள்

விடுதலை பெற்ற இந்தியா அமைத்த முதல் கல்வி ஆணையம் பல்கலைக்கழகங்களைப் பற்றியது. 1948 நவம்பரில் அமைக்கப்பட்டு 1949 ஆகஸ்டில் அறிக்கை அளித்த அந்த ஆணையத்தின் தலைவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர்களுள் ஒருவர். இயற்பியலறிஞர் மேகநாத சாகாவும் இருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஜான் டைகர்ட், புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். பொதுக்கல்விக்கென்றே 1935இல் அங்கு ஒரு தனிக் கல்லூரி அவர் காலத்தில் எழுந்தது. மற்றோர் அமெரிக்கரான ஆர்தர் மார்கன் பொறியாளர். டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டத்தின் முதல் தலைவர்.

இத்தகையோர் கூடிய ஆணையம் பொதுக்கல்வியைப் பற்றித் தெளிவாகப் பேசிற்று. இண்டர்மீடியட் வகுப்பிலேயே தொடங்கிவிடும் மிகைப்பட்ட தனித்துறைப் போக்கைத் திருத்தப் பொதுக்கல்வியைக் காலந்தாழ்த்தாமல் கொணர வேண்டும் என்றது. கலைத்துறை மாணவர் அறிவியலின் முறைகளையும், அறிவியல் மாணவர் மானுடக் கலைகளையும் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. அக்காலத்தில் உலகெங்கும் இச்சிந்தனை பரவியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1945இல் பொதுக்கல்வி பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் தலைவரும் வேதியியலறிஞருமான ஜேம்ஸ் கோனன்ட் 1947இல் ஒரு சிறு நூல் எழுதினார். அறிவியலின் முடிவுகளை அடுக்கிச் சொல்வதை விட, காற்றின் அழுத்தத்தை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பது போன்ற ஓரிரு வரலாறுகளை ஆழ்ந்து கற்பதே பொதுமக்களுக்குப் பயன் தரும் என்றார் அவர். பெரிய கண்டுபிடிப்பின் பின்னே எத்தனை தடுமாற்றங்கள், எத்தனை வாதங்கள், எத்தனை பழைய நம்பிக்கைகளின் சரிவு என்பதை மாணவர் உணர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து 1967இல் ஓய்வு பெற்ற இராதாகிருஷ்ணன், 1975இல் மறையும்வரை மயிலாப்பூரின் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தார். இன்று அவர் பெயராலேயே அது டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. அதே சாலையில்தான் சந்திரசேகரின் தந்தை கட்டிய 'சந்திர விலாஸ்' இல்லமும் இருந்தது. அவ்வீட்டிலிருந்து புறப்பட்ட இளைஞர் 1937இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகமோ 1931 முதல் தன் மாணவர் அனைவர்க்கும் உயிர் அறிவியல், பருப்பொருள் அறிவியல், மானுடக் கலைகள், சமூக அறிவியல் ஆகிய நான்கு பொதுப்பாடங்களை வகுத்திருந்த இடம். ஒரே சாலையில் வாழ்ந்த இருவர், ஒருவர் மெய்யியலிலிருந்தும் மற்றவர் விண்ணியற்பியலிலிருந்தும், அறிவின் ஒருமையைப் பற்றி ஆழ்ந்து எண்ணியவர்கள்.

சந்திரசேகர் தம் இறுதி ஆண்டான 1995இல் வெளியிட்ட நூல், நியூட்டனின் 'பிரின்சிப்பியா'வைப் பொதுவாசகருக்கு விளக்குவது. எனினும் உயர்கணிதம் அறியாதவர் அதில் நெடுந்தொலைவு செல்ல இயலாது. மாபெரும் அறிஞரும் 'பொதுவாசகர்' என்னும்போது தம்மைப் போன்ற ஒருவரையே மனக்கண்ணில் காண்கின்றார் போலும். பாடத்திட்டம் வகுப்போர் அனைவரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விதைத்தது ஏன் விளையவில்லை?

ஆணையத்தின் சொல் ஏட்டில் நின்றது, வகுப்பறைக்கு வரவில்லை. இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. 1956இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஈராண்டு இண்டர்மீடியட்டை நீக்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பையும் கொணர்ந்தது. கூடுதலாகக் கிடைத்த பட்டப் படிப்பின் ஓராண்டைப் பொதுக்கல்விக்குப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் முதன்மைப் பாடமும் துணைப்பாடங்களும் அவ்விடத்தை நிரப்பிக்கொண்டன. 1978இல் மேனிலைப் பள்ளிக் கல்வி வந்ததும், பிரிவினை பதினொன்றாம் வகுப்புக்கே இறங்கிவிட்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் அறிவியலையும் கணிதத்தையும் பள்ளியின் முதல் பத்தாண்டுகளுக்கு அனைவர்க்கும் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. அது பெரும் நன்மை. ஆயினும் பொதுக்கல்வி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் ஒன்று என்ற எண்ணம் அதன் பக்கவிளைவாக வேரூன்றிவிட்டது.

இரண்டாவது, ஆசிரியர். பிறதுறை மாணவர்க்குப் பாடம் நடத்துவதைத் துறைகள் கௌரவக் குறைவாகக் கருதின. மூன்றாவது, மொழி. வரலாறும் பொருளியலும் தமிழ் வழியில் கற்ற மாணவருக்கு அறிவியலை அவர் மொழியில் சொல்லும் நூல்கள் வேண்டும். இத்துறையில் தமிழன்னை வெறுங்கையோடு இருக்கவில்லை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 தொடங்கி 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகள், இயற்பியல் முதல் விலங்கியல் வரை தமிழில் எழுத முடியும் என்பதை மெய்ப்பித்தன. பெ. நா. அப்புசுவாமி வாழ்நாள் முழுதும் எளிய தமிழில் அறிவியல் எழுதினார். செல்வம் இருந்தது, அதனைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டு வந்து சேர்க்கும் கைகள்தாம் போதவில்லை.

ஒருவழிப் பாதை

இதே வேளையில் அடையாற்றுப் பகுதியில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில், ஜெர்மனி நாட்டின் துணையோடு, 1959 ஜூலை 31ஆம் நாள் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கி வைக்கப்பட்டது. எந்திரமும் மின்னியலும் பயில வந்தவர்களுக்கு மானுடக் கலைகளும் சமூக அறிவியலும் பாடத்திட்டத்தின் பகுதியாக அமைந்தன. அவ்வாண்டு மே மாதத்தில்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சி. பி. ஸ்னோ தம் புகழ்பெற்ற உரையை ஆற்றியிருந்தார். இலக்கியம் கற்றோரும் அறிவியல் கற்றோரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இரு பண்பாட்டினராகிவிட்டனர் என்பதே அவர் முறையீடு.

அடையாற்று வளாகத்தில் பொறியியல் மாணவர் இலக்கியத்தையும் பொருளியலையும் நோக்கி நடக்க ஒரு பாதை இடப்பட்டது. ஆனால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள கலைக் கல்லூரிகளின் இலக்கிய மாணவர் அறிவியலை நோக்கி நடக்க அத்தகைய பாதை இடப்படவில்லை. பாலம் கட்டப்பட்டது உண்மை. ஒருவழிப் பாதையாகக் கட்டப்பட்டது.

பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை கல்லூரிகளுக்குத் தன்னாட்சியின் வழியே வந்தது. இலயோலாவும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் 1978இல் தன்னாட்சி பெற்றன. 1947இல் மயிலாப்பூரில் தொடங்கிப் பின்னர் கதீட்ரல் சாலைக்கு இடம்பெயர்ந்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி 1987இல் பெற்றது. துறை கடந்த பாடங்களுக்கு இத்தகைய கல்லூரிகளில் இடம் கிடைத்தது.

பிற கல்லூரிகளுக்குப் பொதுக்கல்வி இரு வழிகளில் வந்தது. ஒன்று நீதிமன்றத்தின் வழி. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, பின்னர் 2003இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டு, பட்ட வகுப்பு மாணவர் அனைவர்க்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கென வகுத்த பாடத்தில் 8 அலகுகள், 50 வகுப்புகள். அவற்றுள் களப்பணிக்கு 5 வகுப்பு நேரம். மற்றொன்று, 2008 அளவில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாகிய விருப்பப்பாட மதிப்பலகு முறை. முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம் என்றிருந்த பழைய அமைப்போடு நான்காம் பகுதி சேர்ந்தது. பிறதுறைப் பாடம் ஒன்றைத் தேர்ந்து கற்க மாணவருக்கு அதில் வழி பிறந்தது.

வழி பிறந்ததை வரவேற்கின்றோம். ஆயினும் நடைமுறையில் நிகழ்வது என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டால் ஏறக்குறைய ஒரே விடை வருகின்றது. தம் துறையின் முதலாண்டுப் பாடத்தில் கடினமானவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பிறதுறை மாணவர்க்கு வழங்குகின்றனர். அது நீர்த்த மோர். தாகமும் தீராது, உடலுக்கு உரமும் சேராது. அன்று எஃப்.ஏ. தேர்வில் பொதுப்பாடம் கடக்க இயலாத சுங்கச்சாவடியாக நின்றது. இன்று அது எவரும் நின்று பார்க்காத காலிச் சாவடியாகிவிட்டது.

தியாகராய நகரில் ஒரு தளிர்

ரசீனின் மாணவரான சேஷாத்திரி, மும்பையிலும் பின்னர் சென்னையிலும் ஆய்வுப் பணியாற்றிய பிறகு, 1989இல் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தின் துணையோடு ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். தியாகராய நகரின் ஜி. என். செட்டி சாலையில் பல ஆண்டுகள் இயங்கி, 2005இல் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கணிதவியல் கழகம் அதுவே. ஆய்வாளர்கள் ஆய்வோடு நின்றுவிடாமல் பள்ளி முடித்து வரும் இளைஞருக்கும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1998இல் அங்கே இளநிலைப் பட்டப் படிப்பு தொடங்கிற்று. முதல் நிலை அறிஞரே முதலாண்டு மாணவர்க்குக் கற்பிப்பது என்பது எளிய செய்தியன்று. பொதுக்கல்வி எங்கெல்லாம் சிறந்ததோ அங்கெல்லாம் இவ்வொழுங்கு இருந்ததைக் காண்கின்றோம்.

அதன் பயன் ஒன்று பின்னர் வெளிப்பட்டது. அடையாற்றின் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 ஜூனில் இணையவழியில் ஒரு பட்டப் படிப்பை அறிவித்தது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் தேறியவரும் அதில் சேர முயலலாம். அதன் அடித்தளப் பாடங்களுள் ஒன்று கணக்கீட்டுச் சிந்தனை. சென்னைக் கணிதவியல் கழகத்தின் இயக்குநரான மாதவன் முகுந்த் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். கணினி மொழி எதுவும் அப்பாடத்தில் முதலில் வருவதில்லை. மாணவரின் மதிப்பெண்கள், கடைச் சிட்டைகள் போன்றவை எழுதிய அட்டைகள் வருகின்றன. ஓர் அட்டையை எடு, பார், குறித்துக்கொள், அப்பால் வை. கட்டு முடியும்வரை இதனையே செய். மிகுதியான மதிப்பெண் எது, அதிகம் வாங்கியவர் யார் என்பதை இவ்வாறு படிப்படியாகக் கண்டறிகின்றனர். மளிகைக் கடைக் கணக்கரும் இதனைச் செய்கின்றார். பெரும் கணினியும் இதனையே செய்கின்றது. ஒரு துறையின் நுழைவாயிலில் நிற்கும் கருவிகளை ஒதுக்கிவிட்டு, அதன் உள்ளே இருக்கும் சிந்தனையை முதலில் காட்டுவது எவ்வாறு என்பதற்கு இது நல்ல சான்று. பதினைந்து வயதில் அடைபட்ட கதவு ஒன்று இவ்வாறு மீண்டும் திறக்கப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அடையாற்றிலிருந்து ஒரு பாடம்

பொதுப்பாடம் ஒன்றை எவ்வாறு வகுக்கலாம் என்பதற்கு நம் நகரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல விழைகின்றோம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது என்னும் செய்தி எல்லார் வாயிலும் இருந்தது. அந்த எண்ணின் பொருள் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்? ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நொடிக்கு 29,000 கன அடி வெளியேறினால் ஒரு டி.எம்.சி. நீர் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் வெளியேறிவிடும். 3.645 டி.எம்.சி. கொள்ளளவு உள்ள அந்த ஏரி, வரத்தே இல்லாவிடில், ஏறக்குறைய 35 மணி நேரத்தில் வற்றிவிடும். இதற்கு வேண்டிய கணிதம் வகுத்தல் ஒன்றே. ஆனால் அதைச் செய்து பார்த்த மாணவருக்கு நாளிதழ்ச் செய்தி வேறொன்றாகத் தோன்றும். ஏரிக்குள் அப்போது எவ்வளவு நீர் வந்துகொண்டிருந்தது, முன்னரே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஏரிக்குக் கீழே பெய்த மழையின் பங்கு என்ன என்று அடுத்தடுத்த கேள்விகள் தாமே எழும். குற்றம் சாட்டுவதற்கு முன்னும் மன்னிப்பதற்கு முன்னும் கேட்கவேண்டிய கேள்விகள் அவை.

அடுத்தது, "நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்னும் தொடர். ஒருமுறை வந்துவிட்டதால் இனி நூறு ஆண்டுக் காலம் அச்சமில்லை என்று பலர் பொருள்கொள்கின்றனர். அதன் உண்மைப் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அவ்வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. ஓராண்டில் வராதிருக்கும் வாய்ப்பு 0.99. அதனை முப்பது முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.74. ஆற்றங்கரையில் முப்பது ஆண்டுத் தவணையில் வீடு வாங்கும் குடும்பம், கடன் முடிவதற்குள் ஒருமுறையேனும் அவ்வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை அறிந்த மணமக்கள் மனையைப் பார்க்கச் செல்லும்போது சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் நிலத்தின் மட்டத்தைப் பார்ப்பார்கள்.

வெள்ளத்தைப் போலவே வறட்சியும் நம் நகரின் ஆசிரியர்தான். சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் நீர் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பதினொன்று கொணரும் அளவு. தியாகராய நகரின் அடுக்ககத்தில் கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் இளைஞர் இக்கணக்கைத் தாமே போட்டால், மழைநீர்ச் சேகரிப்பு அவருக்கு அரசின் ஆணையாக மட்டும் தோன்றாது.

இவ்வாறு ஆறு ஒன்றை நடுவில் வைத்துக் கணிதமும் மண்ணியலும் பொறியியலும் பொருளியலும் சட்டமும் சந்திக்கும் ஒரு பாடத்தை எந்தக் கல்லூரியும் வகுக்கலாம். சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்திலிருந்து அடையாறு திரு.வி.க. பாலம் வரை ஒருநாள் நடந்தால் களப்பணி ஆயிற்று.

மூன்று நெறிகள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நெறிகளை நாம் பெற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, பொதுப்பாடம் முதன்மைப் பாடத்தின் சுருக்கமன்று. இயற்பியல் பயில்வோர் இயற்பியலுக்குள் வாழப் போகின்றவர். பிறர் அதன் அண்டை வீட்டில் வாழப் போகின்றவர். அண்டை வீட்டாருக்கு வேண்டியது வீட்டின் வரைபடமன்று. அங்கு வாழ்வோர் எவ்வாறு சிந்திக்கின்றனர், எதைச் சான்றாக ஏற்கின்றனர், எப்போது தம் கருத்தை மாற்றிக்கொள்கின்றனர் என்னும் அறிமுகமே. எனவே பரப்பை விட ஆழமே முதன்மை பெற வேண்டும். இருபது தலைப்புகளைத் தொட்டுச் செல்வதினும் மூன்றில் மூழ்கி எழுவது மேல்.

இரண்டாவது, அது எவரையும் தடுத்து நிறுத்தும் சுவராகக் கூடாது. மதிப்பற்ற சடங்காகவும் கூடாது. இராமானுஜனைத் தடுத்த விதியும் தவறு. படிக்காமலேயே தேறிவிடலாம் என்ற இன்றைய நிலையும் தவறு. மனப்பாடத்தைச் சோதிக்காமல், ஒரு செய்தியைக் கொடுத்து இதனை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கும் தேர்வு வேண்டும்.

மூன்றாவது, கல்லூரியின் மிகச் சிறந்த ஆசிரியரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். மாணவர் சிந்திக்கும் மொழியில் அது நடைபெற வேண்டும். தமிழில் சிந்திக்கும் மாணவருக்கு நிகழ்தகவும் தமிழில் விளங்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதனைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பட்டப் படிப்புச் சட்டகமும் பல்துறைப் பாடங்களை வலியுறுத்துகின்றன. அக்கொள்கையின் பிற கூறுகள் பற்றித் தமிழகத்தில் வலுவான மாற்றுக் கருத்துகள் உண்டு; அவ்விவாதம் இங்கு நம் பொருளன்று. கொள்கை எதுவாயினும், நல்ல பாடத்தை ஆணையால் உண்டாக்கிவிட முடியாது என்பதே 1949 நமக்குச் சொல்லித் தந்த பாடம்.

திருச்சபைக்கும் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. கலிலேயோவின் வழக்கை மீண்டும் ஆராயச் செய்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1992 அக்டோபர் 31ஆம் நாள் அதனை நிறைவு செய்து ஆற்றிய உரையில், அறிவியலின் வளர்ச்சியை இடையறாது அறிந்துகொள்வது இறையியலாரின் கடமை என்று எடுத்துரைத்தார். 1633இல் தீர்ப்பளித்தவர்கள் தீய மனிதர் அல்லர், கற்றவர்கள். வேறொரு துறையின் சான்று எத்தகையது என்பதை எடைபோடும் பயிற்சிதான் அவர்களிடம் இல்லை. பிறதுறை அறிவின்மை ஓர் எளிய மனிதரை எத்துணைத் துன்புறுத்தும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை "எந்தக் குரூப்?" என்னும் கேள்வி நம்மிடம் வரும்போது, பிள்ளையின் விருப்பத்தை மதித்து விடை சொல்வோம். வரலாறு என்றால் வரலாறு. வணிகவியல் என்றால் வணிகவியல். அதனோடு நில்லாமல், சேரப்போகும் கல்லூரியில் பிறதுறைப் பாடம் எது, அதனை யார் நடத்துகின்றார், எவ்வாறு நடத்துகின்றார் என்றும் கேட்கச் சொல்வோம். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் கல்லூரிகள் எண்ணத் தொடங்கும். நம் மறைமாவட்டத்தின் நிலப்பரப்பிலேயே கல்லூரிகளை நடத்திவரும் துறவற சபைகள் பல உள்ளன. இக்கேள்விக்கு நல்ல விடை அளிக்கும் முதல் கல்லூரி அவற்றுள் ஒன்றாக இருக்குமாயின், ரசீன் அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவாகும்.